இதயத்துக்கு ஒரு மணி நேரம் லீவு: கேள்வி-பதில்

சென்ற இதழில், "வால்வு ஆபரேஷனில் வால்வு சின்ன விஷயம், தசைதான் பெரிய விஷயம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அன்றிலிருந்து தபால்காரர் என்னைப் பார்த்தாலே முறைக்கிறார். எனவே இந்த வாரம் முழுக்க இதயம்தான். காதலர்கள் ஏமாற வேண்டாம். இது அந்த இதயம் இல்லை.

வால்வை மாற்ற இதயத்தை நிறுத்தியே ஆகணுமா? (பயந்தாங்கொள்ளி, பண்ருட்டி)

நெஞ்சைத் திறந்து செய்தால் பெரும்பாலும் ஆமாம். வால்வு உட்காரும் வளையத்தைச் சுற்றி வரிசையாகத் தையல் போடணும். அந்த இடம் நிமிடத்துக்கு எழுபது தடவை குதித்தால் எவன் தைப்பான்? உள்ளே ரத்தம் வேறு நிரம்பி நின்று கண்ணை மறைக்கும்.

நிறுத்துவது ஒரு நிமிட வேலை. நிறுத்தியது பழையபடி ஓடணுமே, அதற்குத்தான் எழுபது வருஷ மண்டையுடைப்பு.

அந்த ஒரு மணி நேரம் நோயாளி சட்டப்படி உயிரோடு இருக்கிறாரா? (ஓய்வுபெற்ற தாசில்தார், தென்காசி)

சட்டப்படி, மருத்துவப்படி, ரேஷன் கார்டுப்படி, எல்லாப் படியும் இருக்கிறார். ஹார்ட்-லங் மெஷின் ரத்தத்தை வாங்கி ஆக்சிஜன் ஏற்றி உடம்புக்குத் திருப்பி அனுப்புகிறது. மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாருக்கும் பந்தி உண்டு.

ஒரே ஆளுக்குத்தான் பட்டினி. மகாதமனிக்குக் குறுக்கே ரத்தத்தை மறிக்கும் கிளாம்ப் விழுந்ததும், அதன் அடிவாரத்தில் கிளம்பி இதயத் தசைக்கே ரத்தம் ஊட்டும் கொரோனரி தமனிகளுக்கு வரத்து நின்றுவிடும். ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைத்தவனுக்குக் குடிக்கச் சொட்டு இல்லை.

கொஞ்ச நேரம் பட்டினி கிடந்தால் என்ன கெட்டுப்போச்சு? நான் வாரம் ஒரு நாள் விரதம். (பக்தை, பழனி)

உங்கள் வயிற்றுக்குக் கையிருப்பு உண்டு, இதயத் தசைக்குக் கிடையாது. நீங்கள் சாய்வு நாற்காலியில் கிடக்கும்போதே, தன் வழியே வருகிற ரத்தத்தின் ஆக்சிஜனில் முக்கால்வாசியை அது உறிஞ்சிவிடும். உடம்பின் மற்ற பாகங்கள் சராசரியாகக் கால்வாசியோடு திருப்தி.

பாதுகாப்பு எதுவும் இல்லாமல், சாதாரண உடல் சூட்டில், ரத்தம் நின்று சுமார் 20 நிமிடம் தாண்டினால் தசைச் செல்கள் சாகத் தொடங்கும். வால்வு மாற்றவோ ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல். செத்த தசை திரும்ப முளைக்காது. விரதத்தை நீங்கள் தொடருங்கள்.

அப்புறம் எப்படித்தான் காப்பாற்றுகிறார்கள்? சுருக்கமாக. (அவசரக்காரன், ஆம்பூர்)

வேலையை நிறுத்தி.

இன்னும் கொஞ்சம் விரிவாக. (அதே அவசரக்காரன், அதே தபாலில்)

சரி, கணக்கு. ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு துடிக்கிற இதயத்தில் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எட்டுப் பத்து மில்லி ஆக்சிஜன் வேண்டும். மெஷினில் ஏற்றிக் காலியாகத் துடிக்கவிட்டால் பாதிக்குக் கொஞ்சம் மேல். அசையாமல் நிறுத்திவிட்டால் ஒரு மில்லிதான். நிறுத்திய இதயத்தைக் குளிரவும் வைத்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு.

ஆகச் செலவில் தொண்ணூறு சதவீதம் நிறுத்தியதிலேயே மிச்சம். ஐஸ் கொடுப்பது சில்லறை. ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது சில்லறையையும் எண்ணத்தான் வேணும்.

எந்த ஸ்விட்சை அணைப்பார்கள்? (எலெக்ட்ரீஷியன், ஈரோடு)

உங்கள் லைன்தான். தசைச் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே கம்மி. அந்த வித்தியாசத்தால்தான் செல்லின் சுவரில் மின்னழுத்தம் நிற்கிறது. வெளியே இருக்கும் பொட்டாசியத்தை நாலைந்து மடங்கு ஏற்றினால் அழுத்தம் சரிந்துவிடும். சோடியம் நுழைகிற கதவுகள் அடுத்த உத்தரவை வாங்கவே மாட்டா. இதயம் விரிந்த நிலையில், தளர்ந்து, அப்படியே நிற்கும்.

தளர்ந்து நிற்பது முக்கியம். சுருங்கி நின்றால் அது வேறு கதை, கீழே வருகிறது.

மருந்து உள்ளே போனதா, இதயம் நின்றதா என்று எப்படித் தெரியும்? (சந்தேகப் பிராணி, சாத்தூர்)

இ.சி.ஜி.யில் நேர்கோடு. அதைப் பார்த்துச் சினிமாவில் அழுவார்கள். ஆபரேஷன் தியேட்டரில் அப்பாடா என்பார்கள்.

மூளை உத்தரவு போட்டால் இதயம் மறுபடி துடித்துவிடாதா? (தியானப் பயிற்சியாளர், திருவண்ணாமலை)

மூளைக்கு அந்த அதிகாரம் இல்லை. வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், அவ்வளவுதான். துடிப்பைத் தொடங்கி வைப்பது வலது மேலறையில் இருக்கும் ஒரு சின்னத் திசு முடிச்சு. 1907இல் கீத், ஃபிளாக் என்ற இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பொட்டாசியம் அதையும் சேர்த்தே உறங்கவைக்கிறது.

பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் என்று முதலில் கண்டுபிடித்தது யார்? (குவிஸ் மாஸ்டர், கோபிசெட்டிபாளையம்)

லண்டனில் சிட்னி ரிங்கர், 1880களில். தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டு, எந்த உப்பு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றது.

அதைவிடச் சுவையான சமாசாரம் கால்சியம். அவருடைய உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கரைசலைக் கலக்கியிருந்தார். தவளை இதயம் மணிக்கணக்கில் துடித்தது. சுத்தமான நீரில் கலக்கினால் சீக்கிரமே நின்றது. லண்டன் தண்ணீரில் கால்சியம் இருந்ததுதான் காரணம் என்று பிறகு புரிந்து, ரிங்கர் 1883இல் திருத்தி எழுதினார். ஆஸ்பத்திரி வார்டில் இன்றும் தொங்கும் ரிங்கர் லாக்டேட் பாட்டில் அந்தக் குடும்பத்து வாரிசுதான்.

அதை ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தவர்? (அதே குவிஸ் மாஸ்டர்)

டெனிஸ் மெல்ரோஸ், லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரி, 1955. பொட்டாசியம் சிட்ரேட். இதயம் டக்கென்று நின்றது, சர்ஜன்கள் கை தட்டினார்கள். ஆனால் கலவை மகா காட்டம். தசை வெந்துபோகிறது என்று தெரிந்ததும் சில வருஷத்தில் அத்தனை பேரும் அதைக் கைகழுவினார்கள்.

1970களில்தான் யாருக்கோ தோன்றியது, பொருளின்மேல் தப்பில்லை, அளவின்மேல்தான் என்று. கே, ஈபெர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1973இல் வீரியத்தைக் குறைத்துப் பரிசோதித்தார்கள். வேலை செய்தது. நடுவில் பதினைந்து வருஷம் வீண். மருத்துவத்தில் ஒரு பொருளுக்குக் கெட்ட பெயர் வந்தால் ஜாமீன் கிடைக்க அவ்வளவு நாள் ஆகிறது.

அந்தப் பதினைந்து வருஷம் வால்வு ஆபரேஷனே நடக்கவில்லையா? (வரலாறு பி.ஏ., வந்தவாசி)

நன்றாக நடந்தது. போர்ட்லாண்டில் ஆல்பர்ட் ஸ்டார், ஓய்வுபெற்ற பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸோடு சேர்ந்து கூண்டுக்குள் பந்து வைத்த வால்வைச் செய்து பொருத்தியதே 1960இல்தான்.

தசைக்கு என்ன செய்தார்கள் என்றால், சிலர் கொரோனரி தமனிகளின் வாயில் சின்னக் குழாய் சொருகி ரத்தம் ஊட்டினார்கள். குழாய் கண்ணை மறைக்கும், கையில் இடறும், சில சமயம் தமனியின் வாயையே கிழிக்கும். சிலர் கிளாம்பைப் போட்டுப் போட்டு எடுத்தார்கள். சிலர் ஐஸ் கட்சி. ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே குளிர்ந்த உப்புநீரை இதயத்தின்மேல் ஊற்றிக்கொண்டே வேலை பார்த்தார்.

ஐஸ் கட்சிக்குத் தலைவர் யார்? (முன்னாள் வட்டச் செயலாளர், ஊர் வேண்டாம்)

டொரான்டோவின் வில்ஃபிரெட் பிகலோ. கனடாவில் கிரவுண்ட்ஹாக் என்று ஒரு கொறிக்கும் பிராணி, குளிர்காலம் முழுக்க வளைக்குள் தூங்கும். இதயம் மெல்ல மெல்லத் துடித்துப் பிழைத்துக்கொள்ளும். அதன் ரகசியத்தைப் பிடிக்க மனிதர் அந்தப் பிராணிகளைப் பண்ணை வைத்து வளர்த்தார். ரகசியம் சிக்கவில்லை. குளிரவைத்தால் உடம்புக்கு ஆக்சிஜன் தேவை குறையும் என்ற விஷயம் சிக்கியது.

1952இல் மினசோட்டாவில் ஜான் லூயிஸ் ஒரு சிறுமியைக் குளிரவைத்து, மெஷினே இல்லாமல், சில நிமிடங்களில் இதயத்துக்குள் இருந்த ஓட்டையை அடைத்தார். மெஷினை வைத்து ஜான் கிப்பன் ஜெயித்தது அதற்கு அடுத்த வருஷம், ஃபிலடெல்ஃபியாவில்.

ஐஸ் கட்டியை இதயத்தின்மேல் கொட்டினால் வேறு கெடுதல் இல்லையா? (பால் வியாபாரி, பெருந்துறை)

உண்டு. இதயத்தின் ஓரமாகவே உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இறங்குகிறது. அது விறைத்துவிட்டால் ஆபரேஷன் முடிந்ததும் மூச்சு வாங்கும். இதயத்தைக் காப்பாற்றப் போய் நுரையீரல் டாக்டரையும் கூப்பிடணும்.

கல்நெஞ்சக்காரன் என்கிறோமே, மருத்துவத்தில் அப்படி ஒன்று உண்டா? (மருமகள், மதுரை)

உண்டு, ஆனால் உங்கள் மாமியாருக்கு அது இல்லை. ஹூஸ்டனின் டென்டன் கூலி 1972இல் அதைப் பற்றி எழுதினார். ஆபரேஷன் முடிந்து கிளாம்பை எடுத்தால் இதயம் கல்லாக இறுகிக் கிடக்கும். துடிக்காது, நடுங்கக்கூடச் செய்யாது. அவர் வைத்த பெயரே கல் இதயம்தான்.

காரணம் விசித்திரம். தசை சுருங்கத்தான் சக்தி வேணும் என்று நினைக்கிறோம். சுருங்கியது விரியவும் சக்தி வேணும். ஏ.டி.பி. என்ற எரிபொருள் தீர்ந்துபோனால் தசைநார்கள் ஒன்றையொன்று பிடித்த பிடியை விடாது. செத்த உடம்பு விறைப்பதும் இதே கணக்குத்தான். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு வால்வு சர்ஜன்கள் தசையைப் பற்றி இன்னும் அதிகமாகக் கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

கலவையில் என்னதான் இருக்கிறது? பக்குவம் சொல்லுங்கள். (சமையல் மாமி, கும்பகோணம்)

லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிப் பக்குவம், டேவிட் ஹெர்ஸும் பிரெய்ம்பிரிட்ஜும் 1970களின் நடுவில் செய்தது: லிட்டருக்கு பொட்டாசியம் 16 மில்லிமோல், மெக்னீசியம் 16, கால்சியம் 1.2, மீதி சோடியம் குளோரைடு வகையறா. பரிமாறும் சூடு சுமார் 4 டிகிரி. தாளிக்க வேண்டாம்.

இளநீரில் நிறையப் பொட்டாசியமாமே. குடித்தால் இதயம் நின்றுவிடுமா? (தென்னந்தோப்பு முதலாளி, பொள்ளாச்சி)

நல்ல கேள்வி, வயிற்றெரிச்சலான பதில். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் இளநீரில் இருக்கும் பொட்டாசியம், செயின்ட் தாமஸ் கரைசலில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு!

ஆனால் இளநீர் வயிற்று வழியாக மெல்லப் போகிறது. செல்களும் சிறுநீரகமும் பங்கு போட்டு அகற்றிவிடும். இதயத்தை நிறுத்தும் இந்தக் கரைசலோ (டாக்டர்கள் பாஷையில் கார்டியோப்ளீஜியா) நேரே இதயத் தமனிக்குள் போகிறது. சிறுநீரகம் கெட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் காய் வெட்டச் சொல்லாதீர்கள். மற்றவர்களுக்கு ஆபத்து நீங்கள் விற்கும் விலையில்தான்.

அமெரிக்காவில் மரண தண்டனை ஊசியிலும் பொட்டாசியம் குளோரைடு போடுவார்களாமே? (வக்கீல் குமாஸ்தா, வேலூர்)

ஆமாம். சரக்கு ஒன்றுதான். இங்கே ரிட்டர்ன் டிக்கெட் உண்டு.

ரத்தத்தையே கலந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். (நர்சிங் மாணவி, நாகர்கோவில்)

லாஸ் ஏஞ்சலஸில் ஜெரால்ட் பக்பர்க் 1970களில் பரப்பிய முறை. நாலு பங்கு நோயாளியின் ரத்தம், ஒரு பங்கு கரைசல். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். வெறும் உப்புநீர் இதயத்தை நிறுத்தும், சோறு போடாது. ரத்தக் கலவை நிறுத்தவும் செய்யும், ஆக்சிஜனும் கொடுக்கும், அமிலத்தையும் சமாளிக்கும்.

அடிக்கடி கொடுத்தால் சர்ஜனுக்குத் தொந்தரவு இல்லையா? (அதே மாணவி, இவர் பாஸாகிவிடுவார்)

பெரிய தொந்தரவு. அதனால்தான் ஒரே டோஸ் கட்சி பிறந்தது. பிட்ஸ்பர்க்கில் பெத்ரோ டெல் நீடோ குழு குழந்தைகளுக்காகச் செய்த கலவையில் விகிதம் தலைகீழ்: ஒரு பங்கு ரத்தம், நாலு பங்கு கரைசல். கூடவே லிடோகெயின், மெக்னீசியம், மேனிட்டால். ஒரு தடவை கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்பது கணக்கு.

குழந்தைகளுக்கு வாங்கின பலகாரத்தை இப்போது பெரியவர்களே எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

ஜெர்மனியில் பிரெட்ஷ்னைடர் வேறு வழி போனார். பொட்டாசியத்தை அள்ளிப் போடாமல் சோடியத்தைக் குறைத்தார். செல்லுக்கு உள்ளே இருக்கும் உப்புக் கணக்கையே வெளியேயும் வைத்தால், துடிக்க மின்சாரம் ஏது? ஹிஸ்டிடின் சேர்த்து அமிலத்தைச் சமாளித்தார். கடையில் கஸ்டோடியால். இதுவும் ஒரே டோஸ்தான். ஆனால் லிட்டர் கணக்கில் போகும், ரத்தத்தில் சோடியம் இறங்கும், மயக்க மருந்து டாக்டர் முகம் சுளிப்பார்.

குளிரா சூடா, எது நல்லது? (காபியா கூல்ட்ரிங்ஸா என்று முடிவு பண்ணாதவன், குன்னூர்)

1990 வாக்கில் டொரான்டோக்காரர்கள், ஐஸ் கட்சி பிறந்த அதே ஊரில், சூடான ரத்தத்தைத் தொடர்ந்து கொடுத்தால் என்ன என்று கொடி தூக்கினார்கள். தசைக்கு இதம். ஆனால் தொடர்ந்து ரத்தம் வந்தால் தைக்கிற இடம் தெரியாது; நிறுத்தினால் சூட்டுத் தசைக்குப் பசி சீக்கிரம் வரும். குளிருக்கு மன்னிக்கும் குணம் அதிகம். சர்ஜன்களில் சிலர் நடுவில் இளஞ்சூட்டில் நிற்கிறார்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது எது? ஒரே பெயர் சொல்லுங்கள். (நேர்மையானவன், நெய்வேலி)

அப்படி ஒன்று இருந்தால் மற்ற கம்பெனிகள் கடையை மூடியிருக்கும். அந்த ஆஸ்பத்திரியின் கைக்குப் பழகியது எதுவோ அது. புதுக் கலவையை உங்கள்மேல் பழக வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கசிகிற வால்வுக்கும் இதே மருந்துதானா? (எக்கோ ரிப்போர்ட் கையில் வைத்திருப்பவர், கரூர்)

மருந்து அதேதான், வழி வேறு. இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் பக்கம் ஒதுக்கினேன்.

வழக்கமாக மகாதமனியின் அடிவாரத்தில் ஊசி குத்திக் கரைசலைச் செலுத்துவார்கள். வால்வு மூடியிருக்கும், கரைசல் வேறு வழியில்லாமல் கொரோனரிக்குள் போகும். மகாதமனி வாசலில் இருக்கும் அந்த அயோர்டிக் வால்வே கசிந்தால்? கரைசல் கொரோனரியை விட்டுவிட்டு, கசிவு வழியாக இடது கீழறைக்குள் கொட்டும். தசைக்கு மருந்தும் போகாது, அறை பலூன் மாதிரி ஊதித் தசையும் இழுபட்டுக் கெடும். ஒரே கல்லில் இரண்டு நஷ்டம்.

அதனால் மகாதமனியைத் திறந்து, இரண்டு கொரோனரி வாயிலும் நேரே குழாய் வைத்து ஊட்டுவார்கள். அல்லது பின்வாசல் வழி: கொரோனரி சைனஸ் என்ற சிரை வழியாகத் தலைகீழாக அனுப்புவார்கள். அமெரிக்க சர்ஜன் லில்லெஹெய் 1956இலேயே இதைச் செய்து பார்த்தார். பின்வாசலில் அழுத்தம் 40 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, சிரை கிழியும். வலது கீழறைக்கு இந்த வழியில் பங்கு சரியாகப் போய்ச் சேராது. அதனால் முன்வாசலும் பின்வாசலும் மாற்றி மாற்றித் திறக்கிற சர்ஜன்தான் கெட்டிக்காரர்.

என் கணவருக்கு வால்வு சுருங்கி, தசை தடித்துவிட்டதாம். தசை தடித்தால் பலம்தானே? (பயில்வான் மனைவி, திண்டுக்கல்)

புஜத்தில் பலம், இதயத்தில் பாரம். இடது கீழறையின் சுவர் சாதாரணமாக ஒரு சென்டிமீட்டர் தடிமன். குறுகிய வால்வை எதிர்த்து வருஷக்கணக்கில் தள்ளியதில் அது ஒன்றரைக்கும் மேல் போகும். தசை வளர்ந்த வேகத்துக்கு ரத்தக் குழாய் வளராது. உள்பக்கத்து அடுக்குதான் முதலில் பட்டினி கிடக்கும். கூலி சொன்ன கல் இதயம் பெரும்பாலும் இப்படிப்பட்ட தடித்த சுவரில்தான் வந்தது.

எனவே இவருக்கு மருந்து தாராளமாக, உள் அடுக்கு வரை எட்டுகிற மாதிரி போகணும். வீட்டில் அவரைத் தண்டால் எடுக்கச் சொல்லாதீர்கள்.

மைட்ரல் வால்வுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லையே? (மைட்ரல்காரர், மாயவரம்)

வேறு பிரச்சினை உண்டு. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் உங்கள் வால்வின் பின்பக்க வளையத்தை ஒட்டியே சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்ற கொரோனரி கிளை ஓடுகிறது. ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் அந்தத் தமனியும் தையலில் மாட்டும். லிட்டர் லிட்டராக மருந்து ஊற்றியும் தசை சாகும். தசைப் பாதுகாப்பு பாட்டிலில் பாதி, விரலில் பாதி.

வேகமாக முடிக்கிற சர்ஜன் நல்லவரா? (பஸ் டிரைவர், பரமக்குடி)

கிளாம்ப் நேரம் குறைந்தால் தசைக்கு நல்லதுதான். ஆனால் வேகமாகத் தைத்து, மெஷினை விட்டு இறங்கி, எக்கோவில் ஓரமாகக் கசிவது தெரிந்து, மறுபடி கிளாம்ப் போட்டால் அது இரட்டைச் செலவு. நீங்களும் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்திவிட்டு ரிவர்ஸ் எடுப்பவரா?

கிளாம்ப் போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு என்று யார் கணக்கு வைப்பது? (கணக்கு வாத்தியார், கடலூர்)

பெர்ஃப்யூஷனிஸ்ட். மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இருபது நிமிஷம் ஆச்சு சார்" என்று குரல் கொடுப்பவர். ரத்தம், சூடு, அழுத்தம், அடுத்த டோஸ் எல்லாம் அவர் கையில். தெருமுனை பேனரில் சர்ஜன் படம் இருக்கும், இவர் படம் நான் பார்த்ததில்லை. பேனர் அடிக்கிறவர்கள் மயக்கத்திலேயே இருந்தவர்கள்தானே.

நான் சுத்த சைவம். இந்த ஆபரேஷனில் ஆட்சேபகரமாக ஏதும் உண்டா? (ஆசாரசீலர், ஸ்ரீரங்கம்)

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின்: பன்றிக் குடலிலிருந்து. முடிந்ததும் அதை முறிக்க ப்ரோட்டமின்: சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து. வால்வு திசு வால்வானால் பன்றி அல்லது மாடு.

உலோக வால்வு கேட்டால் வால்வு மட்டுமாவது சைவம். ஆனால் ஆயுசு முழுக்க வார்ஃபரின் சாப்பிடணும், அது எலி மருந்தாக விற்ற சரக்கு.

கிளாம்பை எடுத்ததும் இதயம் தானே ஓடிவிடுமா? (ஆவல், அரக்கோணம்)

பெரும்பாலும் ஓடும். ரத்தம் வந்து பொட்டாசியத்தைக் கழுவிவிட்டால் போதும். சில இதயம் துடிக்காமல் நடுங்கும். அப்போது உள்ளேயே இரண்டு கரண்டி மாதிரிக் கருவி வைத்துப் பத்து இருபது ஜூல் ஷாக். நெஞ்சுக்கு வெளியே வைத்தால் இருநூறு வேணும்.

விஷயம் அதில் இல்லை. பட்டினி கிடந்த செல்லுக்குள் ரத்தம் திடீரென்று பாயும்போது கால்சியம் உள்ளே கொட்டும், ஆக்சிஜனே விஷமாக மாறி சுவரை அரிக்கும். பட்டினியில் சாகாதது பந்தியில் சாகும். அதைத் தணிக்கத்தான் கிளாம்பை எடுப்பதற்குச் சற்று முன் இளஞ்சூடான ரத்தக் கலவையை ஒரு சுற்று அனுப்புகிற பழக்கம். இதுவும் பக்பர்க் பள்ளிக்கூடம்.

ஆபரேஷன் நடக்கும்போது நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடு விடுவார்களாமே, சோடாக் கடையா? (கோலி சோடா ரசிகர், விருதுநகர்)

இதயத்தைத் திறந்தால் காற்று புகும். மல்லாக்கப் படுத்திருப்பவருக்கு வலது கொரோனரியின் வாய் மேலே பார்த்து இருக்கிறது. குமிழி மேலே போகும், நேரே அதற்குள் நுழையும். நன்றாகத் தூங்கி எழுந்த வலது கீழறை திடீரென்று துவண்டுவிடும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். குழிக்குள் தங்கிக் காற்றைத் துரத்தும். மீறி ரத்தத்தில் போனாலும் சட்டென்று கரைந்துவிடும்.

கையில் பி.பி. பட்டையை இறுக்கி இறுக்கி விட்டால் இதயம் பலமாகும் என்று ஒரு வாட்ஸ்அப் வந்தது. (ஃபார்வேர்டு திலகம், திருப்பூர்)

அபூர்வமாக உங்கள் வாட்ஸ்அப்பில் பாதி உண்மை. 1986இல் மர்ரி என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் நாயின் இதயத்துக்குச் சின்னச் சின்னப் பட்டினி போட்டுப் பழக்கினார்கள்; பிறகு வந்த பெரிய பட்டினியை அது நன்றாகத் தாங்கியது. அப்புறம், கையைப் பட்டினி போட்டாலும் இதயம் பழகும் என்றார்கள்.

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஆபரேஷன் நோயாளிகளிடம் பெரிய அளவில் பரிசோதித்தார்கள்; முடிவு 2015இல் வந்தது. பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை. நாய்க்கு நல்லது, நமக்குக் கைவலி.

இதயத்தை நிறுத்தாமலே வால்வு வைக்கிறார்களாமே? (சுலப வழி தேடுபவர், சூலூர்)

தொடை வழியே குழாயில் சுருட்டி அனுப்புவது. பிரான்சில் ரூவான் நகரத்தில் அலன் கிரிபியே 2002இல் தொடங்கிவைத்தார். கிளாம்ப் இல்லை, பட்டினி இல்லை. வால்வை பலூனால் விரிக்கும் அந்தச் சில நொடி மட்டும் இதயத்தை நிமிடத்துக்கு 180க்கு மேல் விரட்டுவார்கள். அந்த வேகத்தில் ரத்தமே வெளியேறாது; பலூன் நழுவாமல் நிற்கும். நிறுத்துவதற்குப் பதில் ஓடவிட்டே நிறுத்துகிற தந்திரம்.

எல்லா வால்வுக்கும் எல்லா வயதுக்கும் இது பொருந்தாது. பில்லும் எல்லாப் பைக்கும் பொருந்தாது.

இதில் நம்ம ஊர்க்காரர்கள் எங்கே? (தமிழன்டா, தூத்துக்குடி)

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் கோபிநாத் 1960களின் தொடக்கத்திலேயே மெஷின் வைத்து இதயத்தைத் திறந்தார். எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா. அங்கே டாக்டர் வலியத்தான் தலைமையில் மூன்று மாடல் தோற்று, நாலாவதாகச் செய்த வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குள் போனது. தயாரிப்பு டி.டி.கே. கம்பெனி. மூன்று தடவை தோற்றும் பணம் கொடுத்த அரசாங்கமும் அந்தக் காலத்தில் இருந்தது.

இதயம் நின்றிருக்கும்போது அதில் இருந்த காதலி எங்கே போவாள்? (கவிஞர், காரைக்குடி)

மூளைக்கு. எப்போதும் அங்கேதான் இருந்தாள். முகவரியை நீங்கள்தான் தப்பாக எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

ஆபரேஷன் முடிந்து ரத்தத்தில் டிரோப்போனின் ஏறிவிட்டது என்கிறார்கள். ஹார்ட் அட்டாக்கா? (கவலைப்படும் மகன், கள்ளக்குறிச்சி)

டிரோப்போனின் என்பது இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம். இதயத்தை வெட்டித் தைத்தால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். எவ்வளவு, எத்தனை நாள், எக்கோவில் சுவர் அசைகிறதா என்று சேர்த்துப் பார்ப்பார்கள். சில தசை சாகாமல் மந்தமாக மட்டும் இருக்கும். சில மணி நேரத்தில், சில நாளில் சுதாரிக்கும். அதுவரை மருந்து தாங்கிப் பிடிக்கும். கூகுளைப் பார்க்காமல் ஐசியூ டாக்டர் முகத்தைப் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் என்ன கேட்கணும்? (முன்ஜாக்கிரதை, முசிறி)

"எந்தக் கார்டியோப்ளீஜியா?" என்று கேட்டுக் கெத்து காட்டலாம். அதைவிட உபயோகமானது: "ஆஞ்சியோ பார்த்தாச்சா?" கொரோனரியில் அடைப்பு இருந்தால் எந்தக் கலவையும் அடைப்பைத் தாண்டித் தசைக்குப் போகாது. அதனால்தான் வால்வுக்கு மட்டும் வந்தவருக்கும் நாற்பது வயது தாண்டினால் கொரோனரிப் படம் எடுக்கிறார்கள். பணம் பிடுங்கும் வேலை என்று அடுத்த படுக்கைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் மாமனாருக்கு வால்வு ஆபரேஷன். நாங்கள் செய்ய வேண்டியது ஏதாவது? (மூத்த மாப்பிள்ளை, மணப்பாறை)

பீடியை நீங்கள் நிறுத்துங்கள். இதயத்தை அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள்.